இருபது லெட்டர்பேடு

சட்டமன்ற உறுப்பினர் விடுதி,
சென்னை,
மார்ச் 17

அன்புள்ள மாமாவுக்கு,

சுதா எழுதுவது. விடுதிச் சாம்பாரைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் பேசினால் நீங்கள் கத்துகிறீர்கள், நான் அழுகிறேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் இந்தக் கூட்டத்தொடர் முடியும்வரை எழுதிக்கொள்வோம். கல்யாணத்துக்கு முன்னால் பக்கம் பக்கமாக எழுதினவர்தானே நீங்கள்.

எம்.எல்.ஏ. ஆன இந்தப் பத்து மாதத்தில் இப்போதுதான் முழுசாகப் பேச வாய்ப்பு வருகிறது. மரவள்ளி விலை விழுந்ததும், நம் பக்கம் ஜவ்வரிசி மில்கள் ஒவ்வொன்றாக மூடியதும், ஜனங்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் பஸ் ஏறுவதும் ஒருவழியாக இந்தச் சபைக்கு எட்டியிருக்கிறது. மறுவாழ்வு நிதி என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அரசே கிழங்கு வாங்கி, உரித்து, காயவைத்து விற்கிற நிலையம், நம் மாவட்டத்துக்கு ஒன்று. ஒன்றே ஒன்றுதான். மூன்று நாளாக அதைத்தான் விவாதிக்கிறோம். எதிர்வரிசைக்காரர்கள், கஜானா காலியாக இருக்கும்போது கடன் வாங்கிச் செலவு பண்ணுவதா என்கிறார்கள். எங்கள் வரிசைக்காரர்கள், ஜனங்கள் கையில் காசு புழங்கினால்தான் கடையில் வியாபாரம் நடக்கும், அரசு செலவு பண்ணாவிட்டால் வேறு யார் பண்ணுவது என்கிறார்கள். இரண்டு பக்கமும் சத்தத்துக்குக் குறைவில்லை. கிழங்கைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள்தான் குறைவு.

24-ஆம் தேதி எனக்குப் பத்து நிமிஷம். நிலையம் வெள்ளிமலையில் வர வேண்டும் என்று கேட்கப் போகிறேன். மலையில் விளைகிற கிழங்கு கீழே இறங்குவதற்குள் லாரி வாடகையே பாதியைத் தின்றுவிடுகிறது. தேர்தலில் வெள்ளிமலைப் பெரியம்மாள் தன் மகளிர் குழுவோடு எனக்காக ஒவ்வொரு ஊராக ஏறி இறங்கினாளே, அவளுக்கு நான் கொடுத்த ஒரே வாக்கு அது. செழியன் அண்ணன் வேண்டிய விவரமெல்லாம் எடுத்துத் தந்திருக்கிறார். கலெக்டர் ஆபீசில் முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர் எனக்கு உதவியாளராகக் கிடைத்தது என் அதிர்ஷ்டம்தான்.

நான் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு வந்த இருபது லெட்டர்பேடும் ஆஸ்பத்திரிக்கும் காலேஜ் சீட்டுக்கும் மட்டும்தான். அவசரம் என்று வருகிறவர்களுக்கு நிரப்பிக் கொடுங்கள். பாப்பாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிறது. போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

உங்கள்
சுதா


நைனார்பாளையம்,
மார்ச் 20

என் அன்புச் சுதாவுக்கு,

மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு என்று தொடங்கலாமா என்று யோசித்தேன். இசைவாணி சிரித்தாள், விட்டுவிட்டேன். நாங்கள் நலம். போனைப் பூட்டினதற்கு அவள் என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை.

இங்கே ஊர் ஓய்ந்து கிடக்கிறது. நம் மில் மூடி எட்டு மாதம் ஆகிறது. உலர்களத்தில் யார் வீட்டு ஆடுகளோ படுத்திருக்கின்றன. நேற்று ரங்கம்மாள் வந்து, "இன்னாங்க, எப்பதான் தொறப்பீங்க? நானும் எவ்ளோ நாளு நூறுநாள் வேலைய நம்பிக்கினு கெடக்கறது" என்று கேட்டுவிட்டுப் போனாள். பன்னிரண்டு வருஷம் நம்மிடம் கிழங்கு உரித்தவள்.

நிலையம் மலையில்தான் வர வேண்டும் என்று ஏன் ஒற்றைக்காலில் நிற்கிறாய்? நாலு நாள் மழை பிடித்தால் மலைப்பாதையில் பஸ்ஸே ஏறாது. இந்த யோசனை உன்னுடையதா, செழியனுடையதா? அவர் திருநாவலூர்க்காரர். மலைமேல் அவருக்கு என்ன இத்தனை அக்கறை? உன் போனும் அவரிடம், உன் லெட்டர்பேடும் அவரிடம். போன வாரம் நான் கூப்பிட்டபோது, "மேடம் மீட்டிங்ல இருக்காங்க, அப்பறமா பேசுங்க" என்கிறார். கட்டினவனிடம் சொல்கிற பதிலா இது? பத்து வருஷம் நீ பஞ்சாயத்துத் தலைவராக இருந்தாயே, உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் இருந்ததுண்டா? திங்கட்கிழமை தோறும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாய், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். ஒரு குறை சொல்லட்டும் பார்ப்போம்.

ஆள் நல்லவராகவும் இருக்கலாம். ஒரு கண் வைத்துக்கொள் என்றுதான் சொல்கிறேன். அமைச்சர் இடத்தை எப்போது முடிவு செய்வார் என்று தெரிந்தால் உடனே எழுது.

என்றும் உன்
தமிழரசன்


சென்னை,
மார்ச் 25

அன்புள்ள மாமா,

நேற்று நடந்தது இதற்குள் செய்தியில் வந்திருக்கும்.

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். லாரி வாடகையைச் சொன்னேன். வெள்ளிமலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போன குடும்பங்களைச் சொன்னேன். அரசு செலவு செய்யத்தான் வேண்டும், அதை எங்கே அதிகமாக வலிக்கிறதோ அங்கே செய்ய வேண்டும் என்றேன். எங்கள் வரிசையில் மேஜை தட்டினார்கள். அப்போது அமைச்சர் எழுந்தார். "உறுப்பினர் இப்போது வெள்ளிமலை என்கிறார். மார்ச் 10-ஆம் தேதியிட்டு அவரே கையெழுத்திட்டு அனுப்பிய பரிந்துரையில் நைனார்பாளையம் என்று இருக்கிறது. இரண்டில் நான் எதை எடுத்துக்கொள்வது?" என்று ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். ஊர்ப் பெயருக்கு மேல் ஒரு வரியும் படிக்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. மேஜை தட்டினவர்களும் சேர்ந்துகொண்டு சிரித்தார்கள். நான் அப்படி ஒன்று எழுதவேயில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், நேரம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டார்கள்.

வெளியே வருவதற்குள் பெரியம்மாள் போன். "இன்னாம்மா, எங்ககிட்ட ஒண்ணு சொல்லிக்கினு அங்க ஒண்ணு எழுதிக் குடுத்துக்கினு இருக்கியாமே. நாங்க இன்னா பைத்தியமா?" என்றாள். வைத்துவிட்டாள்.

அந்தத் தாள் என் லெட்டர்பேடுதான். தூரத்திலிருந்தே தெரிந்தது. செழியன் அண்ணனைக் கேட்டேன். தனக்கு ஒன்றும் தெரியாது என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லவும் முப்பது வருஷ ஆபீஸ் கற்றுக்கொடுத்திருக்கும். நீங்கள் எழுதியபோது எனக்கு எரிச்சலாக வந்தது. இப்போது அவர் காப்பி கொண்டுவந்து வைத்தால்கூட எதற்கு வைக்கிறார் என்று தோன்றுகிறது. யார் பேச்சைக் கேட்டு இதைச் செய்தார்? நம் ஊரில் யாருக்காக? உங்கள் காதில் ஏதாவது விழுந்ததா, மாமா?

உங்கள்
சுதா


நைனார்பாளையம்,
மார்ச் 28

சுதாக்கண்ணு,

செய்தியில் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

நான் அப்போதே சொன்னேன். செழியனை இன்றைக்கே அனுப்பிவிடு. போலீஸ், புகார் என்று போகாதே, உன் பேர்தான் நாறும். உடம்பு சரியில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு கமுக்கமாக அனுப்பு. அடுத்த வாரம் நானே வந்து உன்னோடு இருக்கிறேன்.

இன்னொன்று, கோபப்படாமல் படி. எழுதியது யாராக இருந்தாலும், எழுதியதில் அநியாயம் ஒன்றும் இல்லையே. கிணறு, உலர்களம், மின்சார இணைப்பு எல்லாம் தயாராக இருக்கிற இடம், மூன்றே மாதத்தில் திறந்துவிடலாம் என்றால் எந்த அமைச்சருக்குத்தான் பிடிக்காது? மலையில் இடம் பார்த்து, வனத்துறையிடம் அனுமதி வாங்கிக் கட்டுவதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும். அதனால் மறுக்காமல் சும்மா இரு. மறுத்தால், என்ன எழுதுகிறோம் என்றே இந்தம்மாவுக்குத் தெரியாது என்பார்கள். பெரியம்மாளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பாப்பா தமிழ்ப் பரீட்சை நன்றாக எழுதினாளாம். உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

உன்
தமிழரசன்


சென்னை,
ஏப்ரல் 2

மாமா,

செழியன் அண்ணனை ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவிட்டேன். நீங்கள் சொன்னபடியே எழுதித் தரக் கேட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டு, லெட்டர்பேடு வைத்திருக்கும் பெட்டியின் சாவியை மேஜைமேல் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி, "தாளு இங்கருந்து போவலம்மா. எண்ணிப் பாருங்க" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் எண்ணினேன். இங்கிருந்து போன ஒவ்வொன்றுக்கும் அவர் நகல் எடுத்து வைத்திருக்கிறார். ஒரு தாள்கூடக் குறையவில்லை. உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். கிணறு, உலர்களம், மின்சார இணைப்பு. ஊர்ப் பெயருக்கு மேல் அமைச்சர் எதையும் படிக்கவில்லை என்றுதானே உங்களுக்கு எழுதியிருந்தேன்? உள்ளே இருப்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

நேற்று அமைச்சர் அலுவலகத்துக்குப் போய் அந்தக் கடிதத்தைக் காட்டச் சொன்னேன். எழுதினவளே வந்து பார்க்கக் கேட்கிறாளே என்று அங்கே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிலையத்துக்குப் பரிந்துரைத்திருக்கும் இடம் நம் மில். உங்கள் அக்கா ராதிகா பெயரில் பத்திரம் இருப்பதால் இங்கே யாருக்கும் பொறி தட்டவில்லை. கிணறு, உலர்களம், மின்சார இணைப்பு என்று நீங்கள் எழுதிய அதே வரிசையில் இருக்கிறது. கையெழுத்து ஊதா மையில். ஊரிலிருந்து கிளம்பின அன்று என் பேனா எழுதவில்லை என்று பாப்பாவின் ஊதாப் பேனாவை வாங்கித்தான் இருபது தாளிலும் போட்டேன். சென்னையில் நான் கறுப்பைத் தவிர வேறு மையைத் தொட்டதில்லை.

இதற்கு மேல் நான் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் நீங்களாகச் சொல்ல வேண்டும். மிச்சத் தாள்கள் எங்கெங்கே போயின என்பதும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

சுதா


நைனார்பாளையம்,
ஏப்ரல் 5

சுதா,

ஆமாம், நான்தான்.

மற்றபடி பதினொரு தாள் நீ சொன்னபடியே ஆஸ்பத்திரிக்கும் சீட்டுக்கும் போனது. எட்டு பீரோவில் இருக்கிறது. இதை நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

உன்னைக் கேட்டால் மலைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பாய். அதனால் கேட்கவில்லை. பஞ்சாயத்தில் இருந்தபோது ஒவ்வொன்றுக்கும் உன்னைக் கேட்டுக்கொண்டா எழுதினேன்? தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடச் சுவர், எல்லாம் நான் எழுதி நீ கையெழுத்துப் போட்டதுதான். கையெழுத்து முதலில், எழுத்து பிறகு, அவ்வளவுதான் வித்தியாசம். நல்ல பேர் வந்தபோது நீ வேண்டாம் என்றாயா? அந்தப் பேரில்தான் இன்றைக்கு அங்கே உட்கார்ந்திருக்கிறாய். இப்போது மட்டும் இது திருட்டாகிவிட்டது.

நொடித்துப்போனவர்களைத் தூக்கிவிடத்தானே அரசாங்கம் செலவு செய்கிறது? நான் நொடிக்கவில்லையா? ரங்கம்மாளும் அவளோடு இருந்த முப்பது பெண்களும் நொடிக்கவில்லையா? எம்.எல்.ஏ. புருஷன் என்றால் அவன் மில் மட்டும் பாழாய்ப் போகட்டுமா?

காலையில் எழுந்தால் போவதற்கு ஒரு இடம் இல்லை, சுதா. முன்பெல்லாம் என்னைத் தேடி வருவார்கள். இப்போது வருகிறவர்கள், அம்மா எப்போது வருவார்கள் என்று கேட்டுவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

செழியனுக்குச் செய்தது தப்பு. அவர் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். ஆனால் சபையில் எழுந்து அந்தக் கடிதம் உன்னுடையது இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. அமைச்சருக்கே பொய்க் கடிதம் கொடுத்தவன் என்று என்னை இழுத்துக்கொண்டு போவார்கள். பாப்பாவுக்குப் பரீட்சை முடியவில்லை. என் கடிதம்தான் என்று ஒரு வார்த்தை சொல். நம் குடும்பம் தப்பித்துவிடும்.

உன்னையே நம்பியிருக்கும்
தமிழரசன்


சென்னை,
ஏப்ரல் 9

மாமா,

தன்னிலை விளக்கம் தர வேண்டும் என்று பேரவைத் தலைவரிடம் அனுமதி கேட்டு இன்று காலையில் பேசினேன். செய்தியில் துண்டு துண்டாகக் காட்டுவார்கள். முழுசையும் நீங்கள் என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்று, அது என் கடிதம்தான் என்று சொல்லிவிடலாம் என்று முடிவே பண்ணிவிட்டேன். உங்கள்மேல் உள்ள பாசத்தில்தான். அதை மறைக்க மாட்டேன். ரங்கம்மாளைப் பற்றி நீங்கள் எழுதியதும் பொய் இல்லை. என்னிடம் கேட்டிருந்தால் அவளுக்காகவும் சபையில் பேசியிருப்பேன். மறுநாள் பெரியம்மாள் போன் பண்ணினாள். இந்தத் தடவை கோபமே இல்லை. "கெழங்க தோண்டாமயே வுட்டுட்டோம்மா. வெட்டற கூலிக்கே கட்டல. நெலையம் வருமா வராதான்னு மட்டும் சொல்லிடு. வராதுன்னா நாங்களும் கேரளாவுக்குப் போறோம்" என்றாள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கையெழுத்து என்னுடையது, கடிதம் என்னுடையது இல்லை என்று சொன்னேன். எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டது என் குற்றம், சபை என்ன செய்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். செழியன் அண்ணன்மேல் பழி போட்டதையும் பேர் சொல்லி ஒப்புக்கொண்டு, அவைக்குறிப்பில் ஏற்றச் சொன்னேன். அவர் திரும்பி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எதிர்வரிசையில் ஒரு உறுப்பினர் எழுந்து, அப்படியானால் எழுதியது யார் என்றார். பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தலைவர் சொன்னார். என் கணவர் என்று சொன்னேன்.

அமைச்சர் அந்தப் பரிந்துரையைத் தள்ளிவிட்டார். அதற்காக வெள்ளிமலை கிடைத்துவிடவில்லை. இடம் பார்த்து அறிக்கை தர ஒரு குழு போடுகிறார்களாம். குழு மலை ஏறி இறங்கி எழுதி முடிப்பதற்குள் இந்த வருஷக் கிழங்கு மண்ணிலேயே மக்கிவிடும். அதை நானே நேரில் போய்ப் பெரியம்மாளிடம் சொல்கிறேன்.

உங்களை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். பீரோவில் இருக்கும் எட்டுத் தாளையும் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பாப்பாவிடம் நானே பேசிவிட்டேன், பரீட்சையை எழுதி முடிக்கிறேன் என்றாள். 15-ஆம் தேதி கடைசிப் பரீட்சை முடிந்ததும் சின்னசேலத்திலிருந்து என் அண்ணன் வெங்கடேசன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவார். நானும் இனி ஊருக்கு வந்தால் அண்ணன் வீட்டில்தான் தங்குவேன்.

எழுதியது யார் என்று கேட்ட அந்த உறுப்பினர் அதோடு உட்காரவில்லை. "உங்கள் பெயரில் உங்கள் கணவர் எத்தனை நாளாக எழுதுகிறார்?" என்று கேட்டார். சபை சிரிக்கத் தயாராக இருந்தது. பதினோரு வருஷமாக என்றேன். "உங்களுக்குத் தெரியாமலா?" என்றார். எனக்குத் தெரிந்துதான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம், மாமா.

ஜெயசுதா