பிலோமினா கோடு போடாத பெயர்

நவம்பர் 12, புதன்.

பிலோமினாவை இன்று கடிந்துகொண்டது மனதை விட்டுப் போகவில்லை. இருபது வருடமாகக் குளச்சலிலிருந்து எனக்கு மீன் கொண்டுவருகிறவள். குவைத்தில் சமையல் வேலைக்கு அடுத்த வாரம் ஆங்கிலத்தில் நேர்காணல். அதனால் தினமும் கூடையை இறக்கிவிட்டு அரைமணி நேரம் என்னிடம் படிக்கிறாள்.

இன்று ஐந்து ஆங்கில வாக்கியங்கள் கொடுத்தேன். கான்வென்டில் நாங்கள் செய்தபடி எழுவாய்க்கு ஒரு கோடு, வினைக்கு இரண்டு. நான்கு சரி. ‘அந்தோணி வலை பின்னுகிறார்’ என்பதில் மட்டும் எழுவாய்க்குக் கோடு இல்லை. வாசிக்கச் சொன்னேன். பெயரை விழுங்கிவிட்டாள்.

“ஏட்டி, எழுவாயைக் காக்கா கொண்டு போச்சா? இந்த லட்சணத்துல குவைத்துக்குப் போவியா?”

“அது எங்க வீட்டுல உள்ளவிய பேருல்லாம்மா. நான் எப்பிடிச் சொல்லுவேன்?”

கண் கலங்கிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இருபது வருடமும் தன் கணவரை அவள் ‘அவிய’ என்றுதான் சொல்லியிருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் நான் மட்டும் என்ன? நாற்பது வருடம் என் கணவருடன் வாழ்ந்தும் ஒருநாள்கூட அவர் பெயரைச் சொன்னதில்லை.

இப்போது அவளுக்காக ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன்: சாமுவேல் மீன் கேட்கிறார். எழுவாய்க்குக் கோடும் போட்டுவிட்டேன்.

நாளை அவள் வர வேண்டும். என் சாமுவேலை அவள் வாசிக்கட்டும். அவளுடைய அந்தோணியை நான் வாசிக்கிறேன்.