வலது கையுறை

ஓலேசுண்ட்,
9 நவம்பர் 1983

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். என் இடது முழங்காலுக்குக் கீழேயும் தோள்பட்டையிலும் எலும்பு புடைத்திருக்கிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் அம்மாவிடம், "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா? இருந்தா, இது பரம்பரையா வர்ற கெடுதல் இல்லாத கட்டி. இல்லைன்னா ஒரு துண்டு வெட்டிப் பாத்துடலாம்" என்றார்.

"யாருக்கும் இல்ல" என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கேட்டால், "ஒண்ணுமில்ல, போய்ப் படிடி" என்கிறாள்.

நேற்று உங்கள் பழைய கம்பளிக் கையுறையைப் போட்டுப் பார்த்தேன். வலது மணிக்கட்டு மட்டும் அம்மா அகலமாகப் பின்னியிருக்கிறாள். அங்கே உங்களுக்கு எலும்பு புடைத்திருப்பது, உண்மையிலேயே கப்பலில் கை முறிந்ததால்தானா?

பதிலைப் பள்ளி முகவரிக்கு அனுப்புங்கள்.

பயத்துடன்,
ரன்வெய்க்

ராட்டர்டாம்,
20 நவம்பர்

என் செல்ல ரன்வெய்க்,

பயப்படாதே. டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். இங்கே ஓயாத மழை. கப்பல் சமையல்காரன் தினமும் பட்டாணிக் கஞ்சிதான் போடுகிறான். கிறிஸ்துமஸுக்கு வரும்போது உனக்கு ஸ்கேட்டிங் காலணி வாங்கி வருகிறேன். அம்மாவைத் தொந்தரவு செய்யாதே.

முத்தங்களுடன்,
அப்பா

ஓலேசுண்ட்,
27 நவம்பர்

அப்பா,

நான் காலணி கேட்கவில்லை. கஞ்சியைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்டது ஒரே ஒரு கேள்வி.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி வெட்டப்போகிறார்கள். "உன் காலையே எடுத்துருவாங்களாமே?" என்கிறாள் வகுப்பில் ஒருத்தி. அம்மாவிடம் கையுறையைக் காட்டினேன். "அவருக்கு மெஷின்ல மாட்டி முறிஞ்சது. அதையும் இதையும் முடிச்சுப் போடாத" என்றாள்.

ஆமாம், இல்லை, ஏதாவது ஒன்று எழுதுங்கள்.

ரன்வெய்க்

ராட்டர்டாம்,
5 டிசம்பர்

ரன்வெய்க்,

முறியவில்லை. ஏழு வயதிலிருந்தே இருக்கிறது. மணிக்கட்டில் பெரிது, விலாவில் சின்னதாக இரண்டு. இன்றுவரை என்னை ஒன்றும் செய்ததில்லை. கல்யாணத்துக்கு முன் உன் அம்மாவிடம் வீரக்கதை விட்டேன். பிறகு மாற்ற வாய் வரவில்லை.

இன்று டாக்டரைத் தொலைபேசியில் பிடித்து எல்லாம் சொன்னேன். வெட்ட வேண்டாம், வருடாவருடம் எக்ஸ்ரே எடுத்தால் போதும் என்கிறார்.

அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

அப்பா

ஓலேசுண்ட்,
13 டிசம்பர்

அப்பா,

நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை அப்படியே சமையலறை மேஜையில் வைத்தேன். அம்மா இரண்டு முறை படித்தாள்.

"அடிபட்ட கைன்னு பரிதாபப்பட்டு, வருஷா வருஷம் தனி அளவு எடுத்துப் பின்னுனேன் பாரு."

கிறிஸ்துமஸுக்காக உங்களுக்குப் பாதி பின்னியிருந்த கையுறையைப் பிரித்துவிட்டாள். அந்த நூலில் எனக்கு நீளக் காலுறை பின்னுகிறாள். இடது முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் அகலமாக.

"அப்பாவுக்கு?" என்று கேட்டேன்.

"கடையில வாங்கிக்கச் சொல்லு" என்றாள்.

ரன்வெய்க்