சுவருக்குள் இருந்து பேசும் மகனுக்கு

முக்கூடல்,
மாசி மாதம், வியாழக்கிழமை.

அன்பு மகன் நம்பிராஜனுக்கு,

உன் அய்யா கொம்பையா தன் கையாலேயே எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. கொம்பு, கால், சுழி எல்லாம் நானே போட்டது. ஒரு பக்கம் எழுத ஒரு பகல் ஆகிறது. ஆகட்டும். எழுபது வயதுக்கு மேல் கைநாட்டை விட்டவன் நான். எனக்கு என்ன அவசரம்?

எல்லோரும் நலம் என்று தொடங்க வேண்டும் என்று உன் மகள் செல்வி எழுத்து வகுப்பில் சொல்லிக்கொடுத்தாள். உடம்பு எல்லோருக்கும் நலம்தான்.

கூடத்துச் சுவரில் நீ மாட்டச் சொன்ன கேமராவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மஸ்கட்டில் இருந்தபடி நீ பார்த்துக்கொண்டிருப்பாய். நேற்றுக்கூட அந்தப் பெட்டிக்குள் இருந்து, "அய்யா, அப்படி என்னத்த எழுதுதிய?" என்று கேட்டாய். "சும்மா எழுத்துப் பழகுதேம்ல" என்றேன். என் குனிந்த தலை உனக்குத் தெரியும். எழுத்து தெரியாது. அதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. வாயால் பேசினால் பெட்டிக்கும் கேட்கும், உன் பெண்டாட்டி வடிவுக்கும் கேட்கும். அதனால்தான் கடிதம். லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பும் காஜா முகைதீன் கையில், வடிவு கட்டிய முறுக்குப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்து விடுகிறேன்.

ஆற்றில் தண்ணீர் வற்றிப் பாறை தெரிகிறது என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டாலே பெட்டி, "வெயில்ல எங்க போறிய?" என்கிறது. குழாய்த் தண்ணீரில் குளிக்கிறேன். உடம்பு நனைகிறது, அவ்வளவுதான். நம் வாசலில் எந்நேரமும் பூட்டுத் தொங்குகிறது. சாவி உன் பெண்டாட்டி இடுப்பில் இருக்கிறது. அவளைக் குறை சொல்லாதே. சாவியை வைத்திருப்பவளும் உள்ளேதான் இருக்கிறாள்.

போன வாரம் செல்வியின் கல்லூரி டீச்சர் வந்தாள், கிறிஸ்டி என்று பெயர். கம்பிக் கதவுக்கு வெளியே வெயிலில் நின்றாள். உள்ளே வடிவு நிற்கிறாள், நான் நிற்கிறேன், செல்வி சன்னல் பக்கம் நிற்கிறாள். மேலே இருந்து உன் குரல், "வீட்ல யாரும் இல்ல, போயிருங்க" என்றது. டீச்சர் எங்களைப் பார்த்தாள். நாங்கள் டீச்சரைப் பார்த்தோம். வடிவு வெட்கத்தில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். டீச்சர் கோபப்படவில்லை. "சரிங்க, யாரும் இல்லாத வீட்டுக்கே ஒரு சேதி சொல்லிட்டுப் போறேன்" என்றாள். களப்பணியை இந்த மாதக் கடைசிக்குள் முடித்துக் கொடுக்காவிட்டால் செல்விக்குப் பட்டம் கிடையாது என்றாள்.

களப்பணி என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அவள் படிக்கும் சமூகப்பணிப் படிப்பில் வாரத்தில் சில நாள்தான் வகுப்பு. மற்ற நாள் ஆஸ்பத்திரி, ஜெயில், அநாதைப் பிள்ளைகள் இல்லம் என்று எங்காவது போய் வேலை பழக வேண்டும். முதல் வருஷம் அவளுக்குக் கிடைத்த களப்பணி, எங்களைப் போன்ற கிழடுகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது. அப்படித்தான் எனக்கு இந்த எழுத்து வந்தது. படித்து முடித்து என்ன ஆவாய் என்று ஒரு நாள் கேட்டேன். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஆலோசனை சொல்லலாம், ஜெயிலில் இருந்து வருகிறவன் மறுபடி பிழைக்க வழி செய்யலாம், பிள்ளைகள் பாதுகாப்பு ஆபீஸில் சேரலாம் என்றாள். "சுருக்கமாச் சொல்லுட்டி" என்றேன். "வழி தெரியாம நிக்கவங்க கூட, வழி தெரியுற வரைக்கும் நிக்கணும் பெத்தையா" என்றாள்.

நீ போனில், "குடும்பத்தக் கெடுக்கதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டாய். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

உன் தங்கை உலகம்மாள் தன் மகள் இசக்கிக்குத் தை மாதம் கல்யாணம் வைத்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை. ஊர் அறியாமல் திருச்செந்தூர் கூட்டிப் போய்த் தாலியைக் கட்டிவிடலாம் என்று ஏற்பாடு. அந்த நேரத்தில் கல்லிடைக்குறிச்சிக்கு, அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றம் முழுக்க அப்பளம் காய்ந்தது. இசக்கி காக்கா விரட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் படிக்கத் தெரியும் என்று பெருமை காட்ட, அவளுடைய தமிழ்ப் புத்தகத்தை வாங்கிச் சத்தமாக வாசித்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீங்க வாசிக்க ஆரம்பிச்சிட்டிய தாத்தா, நான் நிறுத்தப் போறேன்" என்றாள். உலகம்மாளிடம் சொல்லிப் பார்த்தேன். "நல்ல இடம், தட்ட முடியாது. நீங்க சாப்பிட்டுப் பேசாம பஸ் ஏறுங்க" என்றாள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். பிள்ளைகள் பாதுகாப்பு ஆபீஸ்காரர்கள் ஜீப்பில் போய்க் கல்யாணத்தை நிறுத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டார் மண்ணை வாரித் தூற்றினார்கள். உலகம்மாள் நம் வாசலில் வந்து நின்று, இனி பிறந்த வீடே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஆபீஸில்தான் அப்போது செல்விக்குக் களப்பணி. வேறு யார் சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நீ அவளிடம், "ஏட்டி, போன் போட்டது நீதான?" என்று கேட்டாய். அவள், "யாரு போட்டாலும் பேரச் சொல்லக் கூடாதுப்பா. அதான் எங்களுக்கு மொதப் பாடம்" என்றாள். நீ அதையே ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டாய். படிப்பு நின்றது. கேமரா வந்தது. பூட்டு வந்தது. வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் என்றும் சொல்லிவிட்டாய்.

நம்பிராஜா, போன் போட்டது நான்.

அன்று உலகம்மாள் வீட்டில் இருந்து திரும்பி, நம் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எத்தனையோ நாள் பார்த்த எழுத்து. அன்றைக்குத்தான் அது என்னிடம் பேசியது. குழந்தைத் திருமணம் நடந்தால் 1098க்குச் சொல்லுங்கள் என்று போட்டிருந்தது. எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தேன். சரியாகத்தான் வாசித்திருக்கிறேனா என்று பார்க்கவும் ஆசை. என் பட்டன் போனில் அடித்தேன். ஒரு பெண் பேசினாள். உங்கள் பெயர் வெளியே வராது என்றாள்.

செல்வி இங்கே எழுத்துப் பழகிய எல்லோருக்கும் அந்தச் சுவரைக் காட்டியிருக்கிறாள். யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். நீ அவளை வீடியோ போனில் ஏசிய அன்று நான் வாயைத் திறக்கப் போனேன். உன் பார்வைக்கு எட்டாத பக்கம் இருந்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். இன்று வரை என்னிடமும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. சன்னல் பக்கம் உட்கார்ந்து, ஏழு மணி டவுன் பஸ் போவதைப் பார்த்துவிட்டு, எழுந்து வாசல் பெருக்குகிறாள். கம்பிக்கு உள்ளே இருக்கிற வாசலை.

பெயரைக் காக்க வேண்டியது அவள் வேலை. பெயர் என்னுடையது. சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. செய்ததில் எனக்கு வருத்தமும் இல்லை. இசக்கி பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். கோபம் உனக்கு என் மேல் இருக்கட்டும். உலகம்மாளிடமும் நானே போய்ச் சொல்கிறேன், கதவு திறந்தால்.

இசக்கிக்கு ஒரு நம்பர் இருந்தது. செல்விக்கு இருபத்திரண்டு வயது. அவளுக்காகப் போன் போட எனக்கு எந்தச் சுவரிலும் நம்பர் தெரியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நீ கெட்டவன் இல்லை. தூரத்தில் இருக்கிறவனுக்கு எல்லாம் பயமாகத்தான் தெரியும். வாசித்து முடித்ததும் போனில் கேமராவைத் திற. காஜா அங்கே வந்து சேரும் நாளில் இருந்து, காலையில் நான் கதவு ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். வடிவும் அடுப்பங்கரையில் இருந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். அந்தப் பெட்டி இதுவரை போகாதே என்றுதான் சொல்லியிருக்கிறது. ஒரு தடவை, ஏழு மணி பஸ் வருவதற்கு முன், அதன் வழியாக, "செல்வி, போய்ட்டு வா" என்று சொல்லு ராசா.

அந்த நெல்லையப்பர் உன்னை நல்லா வைக்கட்டும்.

உன் அய்யா,
கொம்பையா
(கையெழுத்து. கைநாட்டு இல்லை.)