‘சாகு’ என்று எழுதிய பட்டன்

மைசூரு
ஆடி வெள்ளி

அன்புள்ள அஷ்வினிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், அப்பாவும் போன மாதத்துக்கு இந்த மாதம் தேவலை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கடல்காற்றில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். சாமுண்டி மலைக்கு இந்த வருடம் போக முடியவில்லை, வேண்டுதலை அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டேன், அவளுக்குக் காது கேட்கும்.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று நீ போனில் சொன்னதை யோசித்துப் பார்த்தேன், வேண்டாம். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, பேப்பர் படிக்கிறார், நாக்குதான் ஒத்துழைக்க மறுக்கிறது. அவர் எதையோ கேட்க, நான் எதையோ புரிந்துகொண்டு காப்பிக்குப் பதில் கம்பளியைக் கொண்டுபோய்க் கொடுக்க, கடைசியில் முயற்சியையே விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கை கால் வராததைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நீ சொன்ன போன் ஆப் நல்லதுதான், ஆனால் போன் அவர் இடது கையில் நிற்கவில்லை, மழை பெய்தால் நம் தெருவில் நெட்டும் நிற்கவில்லை. அதனால் நீ விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரைக் கட்டில் பக்கத்தில் வைத்து நானே ஒரு புரோகிராம் எழுதிவிட்டேன். சிரிக்காதே, நீ பிறப்பதற்கு முன்பே பாலிடெக்னிக்கில் பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தவள் நான். லாசரஸ் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, நாம் எழுதியதைச் சரிபார்த்து ஓடவைக்கிற கம்பைலரும் அதோடு சேர்ந்தே வருகிறது. பெரிய பெரிய பட்டனாகத் திரையில் வைத்து, அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் நெட் இல்லாமலே ஓடுகிறது. எழுதியதை வாசிக்கிற தமிழ்க் குரலும் இலவசம்தான், கொஞ்சம் மூக்கடைத்த குரல். கம்பைலருக்கு உன் அப்பா குணம், ஏழாம் வரியில் அரைப்புள்ளி விட்டுப்போனால் எட்டாம் வரியில் கத்துகிறது. ஆபீஸ் எரிச்சலை என் ரசத்தில் காட்டுவாரே, அதே கதை.

தண்ணீர், சாப்பாடு, ஃபேன், வலிக்கிறது என்று பட்டன் வைத்தேன். நம் வீட்டுச் சாப்பாட்டில் ‘போதும்’ என்று யார் சொல்கிறோம், கன்னடத்து ‘சாகு’தானே, அதையே தமிழில் அடித்து ஒரு பட்டனாக வைத்தேன். நாம் வாயால் சொல்லும்போது ‘கு’வில் வரும் அழுத்தம் எழுத்தில் வராது என்று எனக்குத் தோன்றவேயில்லை. கோபியிலிருந்து உன் அத்தை வள்ளியாத்தாள் தம்பியைப் பார்க்க வந்திருந்தார். பாசத்தில் இன்னொரு கரண்டி சோறு வைக்கப் போனார், அப்பா பட்டனை அழுத்தினார், கம்ப்யூட்டர் தெளிவாக “சாகு” என்றது. வழக்கம்போல இவர் இரண்டு முறை வேறு அழுத்திவிட்டார். ஒரு வாய் சோறு சேத்து வெச்சதுக்கா தம்பி என்னையச் சாகச் சொல்லற என்று கரண்டியோடு அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். நான் விளக்குவதற்குள் அப்பா சிரித்தார், அஷ்வினி. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். அத்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றே அதைப் ‘போதும்’ என்று மாற்றிவிட்டேன். மறுநாள் அத்தையைக் கொள்ளேகால் பஸ் ஏற்றிவிட்டு வந்து, துணி துவைத்து, அப்பாவுக்கு ஊட்டி, மருந்து கொடுத்து நிமிர்ந்தபோது ‘சாப்பாடு’ என்று அழுத்தினார். இப்போதுதானே சாப்பிட்டார், மறதியோ என்று பயந்துகொண்டே தட்டில் போட்டுக் கொண்டுவந்தேன். இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி அதையே அழுத்தி, விரலை என் பக்கம் நீட்டி, தட்டை என்னிடம் தள்ளினார். அப்போதுதான் புரிந்தது. அவருக்கு என்னென்ன வேண்டியிருக்கும் என்றுதான் பட்டன் பட்டனாக வைத்தேனே தவிர, அவருக்கு என்னைக் கேட்க ஒன்று இருக்கும் என்று நினைக்கவே இல்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன். பிறகு சாப்பிட்டுவிட்டு, ‘நீ சாப்பிட்டியா’ என்று ஒரு பட்டன் செய்து வைத்தேன். இப்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்புவதில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக வாழ வேண்டும் என்று எங்கள் இருவரின் ஆசீர்வாதம். எண்ணெய் தேய்த்துக் குளி, லீவு கிடைக்கும்போது வந்தால் போதும். ஒன்று மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன்னைப் பார்த்ததும் அவர் அந்தப் பட்டனை அழுத்துவார். உடனே பதில் சொல்லிவிடாதே. நான் அப்படித்தான் செய்கிறேன், இன்னொரு தடவை கேட்பார்.

உன் அன்பு அம்மா,
பஞ்சவர்ணம்