மெயின் இறக்கும் வேலை

ஆவணி 8, திங்கள்
மேற்கேயிருந்து கச்சான் காற்று. கேட்டைத் திறப்பதற்குள் வாயெல்லாம் மண். எட்டரைக்கு மெயின் சுவிட்சை ஏற்றினேன். குடத்தில் தண்ணீர். முருகன் படத்துக்குப் பூ.

ஒன்பதுக்கு ஜெனிட்டா வந்தாள். நான் கேட் காக்கிற இந்த லாரி ஆபீசில் பில் போடுகிற பிள்ளை. அவள் அப்பா டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். சங்கு குளித்தவர், ஆழத்தில் காது இரண்டும் உடைந்துபோனது. கேட்டுப் பக்கம் நின்று அவள் சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்தாள். அவர் சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பினார். என்ன கூத்தோ.

கம்ப்யூட்டர் எழும்பவில்லை. பட்டனை அமுக்கினால் உள்ளே காற்றாடி ஒரு துடிப்பு துடிக்கும், நின்றுவிடும். அடுத்த தடவை அதுவும் இல்லை. பத்தரை வரை அமுக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி எழும்பியது. வெளியே நாலு லாரி. பில் போடுவது அந்த ஒரு பெட்டியில்தான். பில் இல்லாமல் துறைமுகத்துக்குள் விடமாட்டான்.

முதலாளி டிரைவர்கள் முன்னால் வைத்தே கேட்டார்: "அப்பனுக்குக் காது போச்சு. மவளுக்குக் கை போச்சோ?"

சிரித்தார்கள். நானும்.

ஆவணி 9, செவ்வாய்
இன்றைக்கும் அதே கதை. மெக்கானிக் செல்வின் பதினொன்றுக்கு வந்தான். அவன் வருவதற்குக் கால் மணி முன்னால்தான் பெட்டி எழும்பி ஓடத் தொடங்கியிருந்தது. டாக்டர் வந்ததும் வயிற்றுவலி நின்றுபோகுமே, அந்த மாதிரி.

பெட்டியைக் கழற்றினான். பவர் சப்ளையை மட்டும் தனியாக எடுத்து, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தான். காற்றாடி சுற்றியது. "பாருங்க, இது நல்லாத்தான் இருக்கு" என்றான். வேறு எதையோ உருவி, பள்ளிக்கூடத்து ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினான். உப்புக் காற்று படிந்திருக்குமாம்.

இதுவரை செய்தது: ரப்பர் தேய்ப்பு. பிளக் புதுசு. வயர் புதுசு. பெட்டி மேல் எலுமிச்சம்பழம் (முதலாளி வைத்தது).

யுபிஎஸ் செத்து ஒரு வருஷம். அதை யாரும் பேசவில்லை.

ஆவணி 10, புதன்
எழும்பவில்லை. செல்வின் பெட்டியைக் கடைக்குத் தூக்கிப் போனான். ஜெனிட்டா பக்கத்து ஆபீசில் போய்க் கெஞ்சி பில் போட்டாள். அங்கே உட்கார நாற்காலி கொடுக்கவில்லையாம். கால் வலிக்கிறது என்று என்னிடம் சொன்னாள். எனக்கும் வலிக்கும், அறுபத்தொரு வயது, நான் யாரிடம் சொல்கிறேன்?

ஆவணி 12, வெள்ளி
பெட்டி திரும்பி வந்தது. இரண்டு நாளில் நாற்பது தடவை அமுக்கிப் பார்த்தானாம் செல்வின், ஒரு தடவைகூட மக்கர் இல்லை. முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு, "பெட்டியில கோளாறு இல்ல மொதலாளி. கோளாறு வேற எங்கயோ" என்று ஜெனிட்டா பக்கம் பார்த்துக் கண்ணடித்தான். விளையாட்டுக்குத்தான். முதலாளி விளையாட்டாக எடுக்கவில்லை. வேலைக்குச் சோம்பல்பட்டு அவளே எதையோ பிடுங்கிவிடுகிறாள் என்று மத்தியானத்துக்குள் முடிவு கட்டிவிட்டார். அவள் கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார். ஜெபமாலை, சீப்பு, பிஸ்கட் பாக்கெட். ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்தாள்.

ஆவணி 13, சனி
எழும்பவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, மத்தியானம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஒடனே எந்திரிக்கி. காலையில மட்டுந்தான் எந்திரிக்க மாட்டுக்கு. செல்வின் அண்ணன் கடையில மெயினை எறக்கவே மாட்டாங்க, மாடியில வீடு. இங்கனதான் ராத்திரி பூரா கரண்டு இல்லாம கெடக்கு. ஒரே ஒரு நாள் மெயினை எறக்காம விட்டுப் பாப்பமா?"

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மெயின் இறக்குவது என் வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஆபீஸ் எரிந்தது. உப்பு ஈரம் ஏறின வயர். மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, முருகன் படத்துக்கு முன்னால் எரிகிற சூடத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினார்: அடைக்கும்போது மெயின் கீழே. ஒரு நாள் தவறினதில்லை. இந்தத் தெருவில் எல்லா ஆபீசிலும் அப்படித்தான்.

அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு, இங்கேதான் எழுத முடியும். போன மாசம் அவள் என் கேட் நோட்டை எடுத்து டிரைவர்களுக்கு வாசித்துக் காட்டினாள். லாரி நம்பர் எழுத வேண்டிய இடத்தில் நான் கொஞ்சம் கூடுதலாக எழுதுவேன். இந்த டிரைவர் யார், பெண் எடுத்தது எந்த ஊரில், மாமனார் எப்படிச் செத்தார், அந்த மாதிரி. மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. அவள் ராகம் போட்டு வாசித்தாள். அன்றிலிருந்து எல்லா பயலும் என்னை எழுத்தாளரே என்றுதான் கூப்பிடுகிறான். அதனால்தான் இந்தப் பழைய டைரி. ஒருத்தர் கண்ணிலும் படாது.

ஆவணி 14, ஞாயிறு
ஊருக்குப் போனேன். தேரிக்காட்டுச் செம்மணல் பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. குலசைக் கோயில் தசராவுக்கு இப்போதே விரத மாலை போடுகிற பேச்சு. என் மச்சினன் இந்த வருஷம் வேண்டுதலுக்குக் காளி வேஷமாம். கால் ஆணியோடு காளி.

சித்தப்பா தோட்டத்து டீசல் பம்பு ஞாபகம் வந்தது. மார்கழி மாசம் குளிர்ந்து கிடந்தால் எழும்பவே எழும்பாது. சித்தி வெந்நீர் கொண்டுவந்து ஊற்றுவாள். ஊற்றிக் கொஞ்ச நேரத்தில் புகையைத் துப்பிக்கொண்டு ஓடும். ஒரு தடவை ஓடிவிட்டால் அன்றைக்கெல்லாம் நிறுத்தி நிறுத்தி எடுக்கலாம்.

அந்தப் பிள்ளை சொன்னது சரியாக இருக்குமோ?

ஆவணி 15, திங்கள்
எழும்பவில்லை. பதினொன்றாகிவிட்டது. முதலாளி அவள் நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். பெட்டி எழும்பினால் நாற்காலி. அதுவரை நிற்க வேண்டும்.

சாயங்காலம் அடைக்கும்போது மெயினை இறக்கவில்லை. பார்க்கத்தான். படத்தை நிமிர்ந்து பார்க்காமல் பூட்டினேன்.

ஆவணி 16, செவ்வாய்
ஏழு மணிக்கே போய்விட்டேன். பட்டனை ஒரு தடவை அமுக்கினேன். ஒரே தடவை. காற்றாடி சுற்றி, லைட் எரிந்து, திரையில் படம் வந்துவிட்டது. பம்பு மாதிரியேதான். அவள் சொன்ன மாதிரியேதான்.

நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அணைத்தேன். மெயினை இறக்கினேன். எட்டரைக்கு எப்போதும் போல ஏற்றினேன்.

ஏன் என்று எனக்குள் கேட்டேன். நாளைக்குச் சொல்லலாம், இன்றைக்கு ஒரு நாள் அவள் அமுக்கட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அமுக்கினாள். பெருவிரல் நுனி சிவந்துபோயிற்று. இன்றைக்கென்று பார்த்து ஒரு கன்டெய்னர் பன்னிரண்டு மணிக்குள் உள்ளே போக வேண்டியது. எனக்குத் தெரியாது. பக்கத்து ஆபீசில் அவர்கள் வேலை முடிந்து இடம் கொடுப்பதற்குள் பன்னிரண்டேகால். கப்பல் போய்விட்டது.

முதலாளி கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார். "ஏளா, நீ தொட்ட எதும் உருப்படாது. அப்பனை வரச் சொல்லு. நடந்து போயிராத, அவன் வந்து கூட்டிட்டுப் போவட்டும். நாலு பேரு பாக்கட்டும்."

கேட்டில் அரை மணி நேரம் வெயிலில் நின்றாள். நான் நிழலில். ஒரு தடவை என் பக்கம் திரும்பி, "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அண்ணாச்சி" என்றாள். தெரிந்து சொன்னாளோ, பொதுவாகச் சொன்னாளோ. நான் நோட்டில் லாரி நம்பர் எழுதினேன். நம்பர் மட்டும்.

சாயங்காலம் மெயின் இறக்கவில்லை. இனி இறக்கினால் அவள் இல்லாமலும் பெட்டி எழும்பாது, என் பேர்தான் வெளியே வரும்.

ஆவணி 17, புதன்
முதலாளியின் கொழுந்தியா மகள் வேலைக்கு வந்தாள். சென்ட் வாசனை. பட்டனில் விரலை வைத்தாள், எழும்பிவிட்டது.

முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தீரா? பெட்டியில ஒரு கோளாறும் இல்ல. எல்லாம் அவ செஞ்ச வேல." டிரைவர்களுக்கும் சொன்னார், செல்வினுக்குப் போன் போட்டும் சொன்னார். பக்கத்து ஆபீஸ்காரர் வந்து விசாரித்துவிட்டு, ஜெனிட்டா அங்கே வேலை கேட்டாளாம், இனி எடுக்கப்போவதில்லை என்றார். இந்தத் தெருவில் யார் எடுப்பார்கள்.

எலுமிச்சம்பழம் காய்ந்துவிட்டது. எடுத்துப் போட்டேன்.

ஆவணி 19, வெள்ளி
காற்று நின்றுவிட்டது. புழுக்கம்.

நாலு மணிக்கு ஜெனிட்டாவின் அப்பா வந்தார். முதலாளி திருச்செந்தூர் போயிருந்தார். மகளின் டிபன் டப்பா இங்கே கிடக்கிறதாம். தன் சத்தம் தனக்கே கேட்காததால் உரக்கப் பேசினார். அலமாரிக்கடியில் இருந்தது. திறக்காமலே நாறியது. எடுத்துக்கொண்டு வந்தேன்.

என்னவோ ஆயிற்று எனக்கு. செவிட்டு மனிதன், பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. முகத்துக்கு நேரே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெயினைப் பற்றி, ஏழு மணிக்குத் தனியாக வந்து அமுக்கினதைப் பற்றி, அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதை, தெரிந்தே விட்டேன் என்பதை. சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. சொல்லி முடித்துவிட்டு டப்பாவை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை.

"மெதுவாச் சொல்லும், அண்ணாச்சி. காதுதான் போச்சு, வாயைப் பாத்தா வெளங்கும். எம் மவ எங்கிட்ட அப்பிடித்தான் பேசுவா. அவ மேல தப்பில்லன்னு சொன்ன மாரி இருந்துச்சு. இன்னொருக்கச் சொல்லும்."

தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். அவர் என் துண்டையே பார்த்தபடி நின்றார். பிறகு டப்பாவை வாங்கி, வண்டியில் மாட்டிக்கொண்டு போனார்.

ஆறு மணிக்குப் பூட்டினேன். மெயின் இறக்கவில்லை.