அடுப்புக்கு மேல் தட்டு

ஜூன் 4, புதன்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. யார் படிக்கப் போகிறார்கள், நான்தானே. என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அறுபத்தொன்பது வயதுக் கை, பேனாவைத் துடைப்பக்கட்டை மாதிரி பிடிக்கிறது. இவ்வளவு எழுத அரை மணி நேரம்.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவன் நான். இருபத்திரண்டு வருடமாகத் துடைத்த கதவுப் பலகையை இன்றுதான் படித்தேன். உயிரித் தொழில்நுட்பத் துறை. மூச்சு வாங்கிவிட்டது. ஞாயிறுதோறும் வந்து எழுத்துச் சொல்லித்தரும் மகளிடம் போனில் சொன்னேன். "அம்மா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்கப்பா" என்றாள். என் மனைவி போய் ஒன்றரை வருடம்.

ஜூன் 11, புதன்

மருந்துக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா புதன்தோறும் வந்து பாடம் நடத்துகிறார். பிள்ளைகளுக்கு அவர் கம்பெனியம்மா. சர்க்கரை நோய்க்கான ஊசி மருந்தை ஆய்வுக்கூடத்திலிருந்து வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பது பாடம். மருந்து வேலை செய்தால் பாதிதான் முடிந்தது, வாங்கினவர் வீட்டில் அது என்ன பாடு படுகிறது என்று பார்ப்பதுதான் மீதி என்றார்.

மருந்துப் பெட்டியைக் கொடுத்துப் பார்க்க எழுத்தறியாத ஓர் ஆள் வேண்டுமாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று மாதம் பிந்திவிட்டீர்கள், இப்போது படிப்பேன் என்றேன். ஒரே சிரிப்பு.

"தத்தித் தத்திப் படிக்கிற ஆளா? அதைவிட நல்லதுங்க" என்றார்.

ஜூன் 18, புதன்

மாதிரிப் பெட்டியை என் கையில் கொடுத்தார்கள். பிள்ளைகள் கையைக் கட்டி, வாயை மூடி நிற்க வேண்டும். உதவினால் மதிப்பெண் போய்விடும். அடியில் பொடி எழுத்து. கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும். சூடு பட்டால் மருந்து கெட்டுவிடும்.

நாலு நிமிடம் ஆனது. கைதட்டினார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தவன், திரும்பிப் போகவில்லை.

ஜூன் 19

அவளுடைய கடைசி மருந்துப் பெட்டி பீரோவில் இருக்கிறது. எடுத்துப் படித்தேன். அதே வரி.

ஜூன் 22, ஞாயிறு

மகள் வந்தாள். தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

குளிர்ந்த மருந்து போட்டா அவ அம்மாவுக்கு வலிக்கும். உதட்டைக் கடிப்பா. அதனால நான்தான் எல்லாத்தையும் பிரிட்ஜிலிருந்து எடுத்து அடுப்புக்கு மேல் தட்டுல வச்சேன். மூணு மாசத்து மருந்து. இப்ப வலிக்கவே இல்லைங்கன்னு சொன்னா. எனக்குப் பெருமை தாங்கல. சர்க்கரை ஏறிக்கிட்டே போச்சு. டாக்டர் கேட்டப்ப, ஒரு நாள் தவறலைன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். வீட்டுக்கு வந்து, திருட்டுத்தனமா இனிப்புத் தின்றியான்னு அவளைத் திட்டினேன்.

அவளைத் திட்டினேனே —

ஏன் படிக்கக் கத்துக்கிட்டேன்?

ஜூன் 25, புதன்

கழுவுமிடத்துக்கே கம்பெனியம்மா தேடி வந்தார். சொல்லிவிட்டேன். உங்கள் தப்பில்லை என்பார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. குழாயை மூடிவிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். "இதைப் பிள்ளைங்ககிட்ட சொல்வீங்களா?" என்று கேட்டார்.

சொன்னேன். இந்த முறை யாரும் சொல்லாமலே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஜூலை 9, புதன்

பெட்டியை மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு குப்பியிலும் ஒரு வெள்ளைப் பொட்டு. சூடு பட்டால் கறுத்துவிடும். படிக்கவே தெரிய வேண்டாம். ஒரு மாணவி புதிதாக ஒரு வரியும் சேர்த்திருந்தாள், பெரிய எழுத்தில், எனக்காக. தடுமாறாமல் படித்தேன்.

வலி குறைய, போடுவதற்கு அரை மணி நேரம் முன் ஒரு குப்பியை மட்டும் வெளியே எடுத்து வைக்கவும்.

ஒன்றை மட்டும். அரை மணி நேரம். அவ்வளவுதானா?

மகளுக்கு இன்னும் தெரியாது. வேளை தவறாமல் மருந்து போட்டும் அம்மா ஏன் போனாள் என்று அவள் இன்னமும் கேட்கிறாள். வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவள் சொல்லித்தந்த எழுத்திலேயே இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிறு வந்ததும் கையில் கொடுப்பேன். படித்து முடிக்கும்வரை கையைக் கட்டி, வாயை மூடி நிற்பேன். அவள் என்ன சொன்னாலும், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாலும், அடுத்த வாரம் இதே நோட்டில் எழுதுவேன்.