விரதத்துல எளைச்சாருன்னு நெனச்சோம்

ஆமாண்டா லோகேஸு, மறைச்சோம்தான், நீ போன்ல கேட்டது சரி. பரீட்சை முடியட்டும்னு உங்கம்மா என் வாய அடைச்சிட்டா. நாங்க நல்லா இருக்கோம், நீ அங்க கூச்சிங் ஊர்ல நேரத்துக்குச் சாப்புடு. போன்ல சொன்னா நடுவுல அவ அழுதுருவா, அதான் எழுதி முறுக்கு பார்சல்ல வைக்கிறேன்.

உன் பெரியப்பாவுக்குக் கணையத்துல கேன்சர். பதறாதலா, ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. தைப்பூசத்துக்கு நாப்பத்தெட்டு நாள் விரதம் இருந்தாருல்ல, காவடி எடுக்கும்போது இடுப்புல வேட்டி நிக்கல, முருகன் அருளு எப்படி எளைச்சிட்டாரு பாருன்னு கரங்கான் ஊரே பேசுச்சு. அண்ணே மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்கன்னு நானும் கிண்டலடிச்சேன். விரதம் முடிஞ்சு ஆட்டுக்கறி தின்னும் ஒடம்பு ஏறல. முதுகு வலிக்குதுன்னாரு, எஸ்டேட்ல செம்பனைக் குலை வெட்டுறவனுக்கு முதுகு வலிக்காம என்ன வலிக்கும்னு கேட்டதும் நாந்தான். அந்த வாயிலயே போடலாம் ரெண்டு. அப்புறம் திடீர்னு இனிப்புநீர் வந்துச்சு, ரத்தத்துல சக்கரை ஏறிப்போச்சு. கிளினிக்ல ஒரு மலாய்க்கார டாக்டரம்மா, சின்ன வயசுதான், சும்மா மாத்திரைய குடுத்து அனுப்பல. எளைச்சுக்கிட்டே போற ஆளுக்கு ஏன் புதுசா இனிப்புநீர்னு நோண்டி நோண்டிக் கேட்டு ஸ்கேனுக்கு அனுப்புனாங்க. அதனாலதான் வெட்டி எடுக்குற அளவுல இருக்கும்போதே மாட்டுச்சு. இன்னும் கீமோ இருக்கு, முழுசா போயிருச்சுன்னு டாக்டர் சொல்லல, ஆனா நல்லா தேறி வர்றாருன்னு சொல்றாங்க. கஞ்சியில உப்பு இல்லன்னு நர்ஸுகிட்ட சண்டை போடுறாரு, அது போதும் எனக்கு.

உன் தாத்தாவுக்கும் இதுதானாம். கண்ணு மஞ்சளாயி, ஒண்ணுக்குப் பாலில்லாத கோப்பி-ஓ மாதிரி கறுப்பாப் போச்சு, நாங்க கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தோம், ரெண்டு மாசத்துல போயிட்டாரு. பழைய ஆஸ்பத்திரிக் காயிதத்த இப்பதான் பிரிச்சுப் பாத்தோம், அதே பேரு. எல்லாருக்கும் இந்தச் சோதனை வேணாமாம், அப்பன் அண்ணன் ரெண்டு பேருக்கும் வந்ததால என்னை வருசா வருசம் பாக்கணும்னு சொல்லிட்டாங்க. முப்பத்தெட்டு வயசுல எனக்கென்ன வந்துரும்னு ரெண்டு தடவ டபாய்ச்சேன், லோரி ஓட்டணும்னு பொய். ஃபார்ம் த்ரீல பள்ளிக்கூடத்த விட்டு ஓடுன, இதுலயும் ஓடுனா தையலோட எந்திரிச்சு வந்து மிதிப்பேன்னாரு பெரியப்பா. அதான் அலோர்ஸ்டார் ஆஸ்பத்திரியில உக்காந்து இத எழுதுறேன். பயமா இருக்குடா, பொய் சொல்ல மாட்டேன். இருந்தாலும் தெரிஞ்சுக்கிட்டா வழி இருக்கு, அண்ணன பாத்துட்டேன்ல.

உனக்கு இன்னும் அந்த வயசு வரல, ஆனா எந்த டாக்டரு கேட்டாலும் குடும்பத்துல இது இருக்குன்னு சொல்லு, மறக்காத. சிகரெட்ட விடு, நான் விட்டு மூணு வாரம் ஆச்சு. முருகன் உன்கூடவே நிப்பாரு, நல்லா இரு. என் நம்பர கூப்புட்டாங்க, போறேன்.

உங்கப்பன்
வசந்தன்